லிஃப்டில் ஏறினதுமே தெரிஞ்சுது

அன்று காலையில் நல்ல மழை. பாதி நனைந்து அலுவலகத்துக்கு வந்து, கணினியைத் திறந்து உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்துப் பிரிவில் வேலை பார்ப்பவர் ஒருவர் என் மேசையைத் தாண்டிப் போகும்போது, "லிஃப்ட்ல ஏறினதுமே தெரிஞ்சுது மேடம், நீங்க வந்தாச்சுன்னு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் பதிலுக்குச் சிரித்தேன். அவர் போய்விட்டார்.

அவர் போனாலும் அந்த வாக்கியம் போகவில்லை. மத்தியானம் வரை என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பாராட்டா, புகாரா? சிரித்தபடி சொன்னார் என்பது எதற்கும் சாட்சி ஆகாது. உங்கள் மேல் வாடை அடிக்கிறது என்று யாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நேருக்கு நேர் சொல்வதில்லை. சொல்வதானால் இப்படிச் சிரித்துத்தான் சொல்வார்கள். எனக்கென்று ஒரு பெர்ஃப்யூமைத் தேடிப் பிடித்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. சிக்னேச்சர் பெர்ஃப்யூம் என்கிறார்களே, அது. பெயரைச் சொல்லாமலே ஆளைச் சொல்லிவிடும் வாசனை. நான் இறங்கிப்போன லிஃப்டில் நான் இருந்ததைச் சொல்லும் வாசனை. அதற்காகத்தானே ஒன்றரை வருடம் அலைந்தேன்? அது நடந்துவிட்டது என்று ஒருவர் தானாக வந்து சொல்கிறார். அப்புறம் ஏன் வயிற்றைப் பிசைந்தது?

அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். "நான் நாறுகிறேனா?" என்று ஒருவரிடம் கேட்பது அவ்வளவு எளிதாக இல்லை. பழைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணம்தான்; நாளடைவில் சொல் தலைகீழாகப் புரண்டுவிட்டது. என் பெர்ஃப்யூமும் அதே வழியில் புரண்டுவிட்டதோ என்பதுதான் என் பயம்.

ஐந்து நிமிடத்தில் எடுத்த முடிவு

தேடல் தொடங்கியதே ஒரு முட்டாள்தனத்தில். கடையில் காகிதப் பட்டையில் அடித்துக் கொடுத்தார்கள். முகர்ந்ததும் எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய மாதிரி ஒரு பளிச். அந்த நிமிடமே வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்து மணிக்கட்டை முகர்ந்தால் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரைப் பாகு போல ஒட்டுகிற தித்திப்பு. குப்பி மாறிவிட்டதா என்றுகூடப் பார்த்தேன்.

மாறவில்லை. பெர்ஃப்யூம் என்பது ஒரு வாசனை இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசை என்று எனக்கு அப்போது தெரியாது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களில் நிறைந்திருக்கும் லிமோனீனின் மூலக்கூறு எடை சுமார் 136. நாம் துவைக்கிற சோப்பிலிருந்து பெர்ஃப்யூம் வரை பலவற்றிலும் இருக்கும் கேலக்ஸோலைடு என்ற செயற்கை மஸ்க்கின், அதாவது கஸ்தூரி மணப் பொருளின், எடை சுமார் 258. லேசானது முதலில் பறக்கும், கனமானது தங்கும். கால் மணி, அரை மணிக்குள் மேல்வரிசை கிளம்பிவிடும். நடுவில் வரும் பூக்கள் சில மணி நேரம். அடியில் இருக்கும் மரம், பிசின், மஸ்க் எல்லாம் மறுநாள் சட்டையில்கூட இருக்கும். கடையில் ஐந்து நிமிடம் முகர்ந்து வாங்குகிறவர், இருக்கப்போகிறவர்களை விட்டுவிட்டுக் கிளம்பப்போகிறவரைப் பார்த்து முடிவெடுக்கிறார். நானும் அதைத்தான் செய்தேன். வாசலில் நின்று வரவேற்றவர் நல்லவராகத் தெரிந்தார் என்று அந்த வீட்டுக்கே குடிபோன கதை.

அதன்பிறகு பெரிய குப்பியே வாங்குவதில்லை என்று சபதம். சின்னச் சின்ன மாதிரிக் குப்பிகளாக வாங்கினேன். ஒரு நாளைக்கு ஒன்று, குளித்த பிறகு கையில், சாயங்காலம் வரை. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுக் காலை ஒன்பது, மத்தியானம், மாலை என்று எழுதி வைத்தேன். வீட்டில் இருப்பவர்கள் இதை ஒரு வியாதியாகவே பார்த்தார்கள். கடைகளில் மூக்கைத் 'துடைக்க' என்று காபிக்கொட்டைக் கிண்ணம் வைத்திருப்பார்களே, அதையும் கொஞ்ச நாள் பக்தியோடு முகர்ந்தேன். 2011-இல் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்: காபிக்கொட்டையும் வெறும் காற்றும் ஒன்றுதான், கொட்டையால் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. மூக்கு களைத்துப்போனால் வெளியே போய் நிற்பதே நல்லது. மணிக்கட்டுகளைத் தேய்த்தால் வாசனை 'நசுங்கிவிடும்' என்பதும் இதே ஜாதிதான். எதுவும் நசுங்காது. தேய்க்கிற சூட்டில் மேல்வரிசை கொஞ்சம் சீக்கிரம் கிளம்பிவிடும், அவ்வளவே.

நோட்டில் ஒரு பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. ஒரு மஸ்க் மாதிரியை அடித்துக்கொண்ட நாள் அது. ஒன்றுமே வரவில்லை. தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் நாலு தடவை அடித்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. என் தங்கை அறைக்குள் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அக்கா, குப்பியை மேல கொட்டிக்கிட்டியா?" விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை. மனித மூக்கில் சுமார் 400 வகை வாசனை உணரிகள் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நானூறும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஒருவருக்கு ஒரு மஸ்க் தெரியாது, இன்னொருவருக்கு வேறொன்று தெரியாது. மூக்கு நன்றாக இருக்கிறது, அந்த ஒரு மூலக்கூறுக்கு மட்டும் குருடு. என் மேல் ஊரே முகரக்கூடிய ஒரு வாசனை இருக்க, எனக்கு மட்டும் அது இல்லை. இதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டு அடுத்த குப்பிக்குப் போய்விட்டேன். அங்கேயே கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும்.

கடைசியில் என்னைப் பிடித்தது வெட்டிவேர். ஆண்களுக்கான அலமாரியில் இருந்தது. எந்த மூலக்கூறு ஆண், எந்த மூலக்கூறு பெண் என்று குப்பி செய்கிறவர்களுக்குத்தான் தெரியும், மூக்குக்குத் தெரியாது. மேலே வெட்டிவேர் என்று எழுதியிருக்கவில்லை, 'வெட்டிவர்' என்று பிரெஞ்சு உச்சரிப்பில் இருந்தது. நம் சொல்தான். தமிழிலிருந்து கிளம்பி பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்குப் போய், உலகத்துப் பெர்ஃப்யூம்காரர்கள் எல்லோரும் இன்று அதை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். வேர் பெரும்பாலும் ஹைத்தியிலிருந்து போகிறது, பெயர் மட்டும் நம்முடையது. ஈர மண், கொஞ்சம் புகை, கடைசியில் காய்ந்த மரம். அதோடு ஹெடியோன் என்ற, மல்லிகையின் காற்றோட்டமான பக்கத்தை மட்டும் எடுத்து வைத்தது போன்ற ஒரு பொருள். 1966-இல் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா தன் 'ஓ சொவாஜ்' பெர்ஃப்யூமில் அதைப் போட்ட பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. ஒன்பது மணிக்கும் பிடித்தது, சாயங்காலமும் பிடித்தது. நோட்டை மூடினேன்.

லட்சம் பேர் போடும் கையெழுத்து

எனக்கு இந்த 'சிக்னேச்சர்' என்ற பேச்சின்மேலேயே ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. என் கையெழுத்தை நான்தான் போட வேண்டும். வேறு ஒருவர் போட்டால் அது மோசடி. ஆனால் பெர்ஃப்யூம் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் நிரம்புகிறது. எர்னஸ்ட் போ 1921-இல் உருவாக்கிய ஷனேல் நம்பர் 5 நூறு வருடங்களாக விற்கிறது. எத்தனை பெண்கள் அதைத் 'தன்' வாசனை என்று சொல்லியிருப்பார்கள்! எல்லோரும் ஒரே கையெழுத்தைப் போட்டால் எந்த வங்கி காசோலையைப் பாஸ் செய்யும்?

தோலுக்குத் தோல் வாசனை மாறும் என்பார்கள். அதைச் சொல்பவர்களில் பாதிப் பேர் விற்பனை மேடையில் நிற்பவர்கள் என்பதால் நான் நம்பவில்லை. ஆனால் 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு என்னை அசைத்துவிட்டது. ஒரு கூட்டத்தாரின் ஒரு அக்குளில் அவர்கள் தாங்களாகத் தேர்ந்த பெர்ஃப்யூம், மறு அக்குளில் எதுவும் இல்லை. பிறகு தேர்ந்ததற்குப் பதில் ஆய்வாளர்கள் கொடுத்த ஒன்று. அந்தக் கலவைகளை வேறு ஆட்கள் முகர்ந்து மதிப்பெண் போட்டார்கள். பெர்ஃப்யூம்களைத் தனியாக முகர்ந்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. உடல் வாடையோடு கலந்தபோது, அவரவர் தேர்ந்ததுதான் அவரவர் மேல் நன்றாக இருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், தன் உடம்போடு ஒத்துப்போகிற ஒன்றை மனிதர்கள் ஏதோ ஒரு வழியில் பொறுக்கிவிடுகிறார்கள். அப்படியென்றால் கையெழுத்து குப்பியில் இல்லை. குப்பியில் இருப்பது மை.

இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் மூக்கு எனக்குச் சரியானதைத் தேர்ந்திருக்கும், அல்லவா? ஆனால் அந்த ஆய்வில் மதிப்பெண் போட்டது யார் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

குப்பி மேல் வந்த சந்தேகம்

முதல் மாதம் சொர்க்கம். கையை அசைக்கும்போதெல்லாம் வேரின் மணம். இரண்டாவது மாதம் மத்தியானத்துக்கு மேல் தெரியவில்லை. நாலாவது மாதம் காலை பத்து மணிக்கே ஒன்றும் இல்லை. முதலில் குப்பியைச் சந்தேகப்பட்டேன். ஜன்னல் பக்கம் வைத்ததால் வெயில் பட்டுக் கெட்டுவிட்டதா? வெயில் பெர்ஃப்யூமுக்கு ஆகாது என்பது உண்மைதான், ஆனால் என் குப்பி அலமாரிக்குள்ளேயே இருந்தது. அடுத்து, செய்முறையை மாற்றிவிட்டார்களோ? அதுவும் நடப்பதுதான். பெர்ஃப்யூம்களில் சேர்க்கும் ஓக் மரப்பாசியில் இருக்கும் அட்ரானால், குளோரோஅட்ரானால் இரண்டும் தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவதால் 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைத் தடை செய்தது. அதனால் பழைய பெர்ஃப்யூம்கள் பல உள்ளே ஆள் மாறி, பெயர் மாறாமல் விற்கின்றன. ஆனால் நான் வைத்திருந்தது ஒரே குப்பி. பாதி குப்பியில் செய்முறை மாறாது.

குப்பி மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. இரண்டு தடவை அடித்தது மூன்றானது, மூன்று நாலானது. மழை பெய்த அந்தக் காலையில் ஆறு. கழுத்தில் இரண்டு, மணிக்கட்டில் இரண்டு, ஷாலில் இரண்டு. அப்படியும் தெருவைத் தாண்டுவதற்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் லிஃப்ட் வாக்கியம்.

அலமாரி

அடுத்த வாரம் ஒரு பயிற்சிக்காக மூன்று வாரம் வெளியூர் போக வேண்டி வந்தது. அவசரத்தில் குப்பியை எடுத்து வைக்க மறந்துவிட்டேன். முதல் இரண்டு நாள் பாதி உடுத்திய மாதிரி இருந்தது, அப்புறம் மறந்தே போனது. திரும்பி வந்த இரவு பெட்டியை ஒரு பக்கம் போட்டுவிட்டு, மாற்று உடை எடுக்க அலமாரியைத் திறந்தேன்.

உள்ளே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

இதை எப்படிச் சொல்வது என்று பல முறை யோசித்திருக்கிறேன். கதவைத் திறந்ததும் ஒரு ஆள் இருப்பது தெரிந்தது, முகம்தான் இல்லை. ஒரு நொடிக்கும் குறைவாகத்தான், அது யார் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. எங்கேயோ பழக்கப்பட்டவள், கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவள், வந்தால் அறையின் பாதியை எடுத்துக்கொள்கிறவள். அப்புறம் கொக்கியில் தொங்கிய ஷால் கண்ணில் பட்டது. அதை எடுத்து முகத்தருகே கொண்டுபோனேன். வெட்டிவேர் இருந்தது. ஆனால் குப்பியில் இருந்த வெட்டிவேர் இல்லை. அடியில் வேறு ஏதோ: கூந்தல், வேர்வை, பழைய துணி, கொஞ்சம் உப்பு, பெயர் வைக்க முடியாத ஒரு வெதுவெதுப்பு. பதிவுசெய்த நம் குரலை முதல் தடவை கேட்கும்போது 'இதுவா நான்' என்று கூசுமே, அந்தக் கூச்சம். குரலையாவது திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகலாம். இதைத் திரும்பத் திரும்ப முகர்ந்தால் பத்து நிமிடத்தில் மறைந்துவிடும். நிஜமாகவே மறைந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து ஷாலை மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவள் மெல்ல மெல்ல அறையை விட்டுப் போய்விட்டாள். ஷால் வெறும் ஷால் ஆயிற்று.

மூக்கு இப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மாறாமல் இருக்கிற வாசனையை அது செய்தியாகக் கருதுவதில்லை. புதிதாக வருவதைத்தான் மேலே அனுப்பும். ஆனால் சில நிமிட மறதி மட்டும் இல்லை இது. வீட்டில் இரண்டு வாரம் ஒரே வாசனையோடு ஆட்களை வாழ வைத்துப் பார்த்த 1996-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், அந்த வாசனையை எடுத்த பிறகும் இரண்டு வாரம் வரைகூட அதற்கான கூர்மை முழுதாகத் திரும்பவில்லை. நான் மூன்று வாரம் வெளியே இருந்தேன், அதனால்தான் அவளைப் பார்க்க முடிந்தது. எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் அவளை அனுப்பிக்கொண்டிருந்தேன், லிஃப்டுக்கும் கூட்ட அறைக்கும் மற்றவர்களின் மூக்குக்கும். நான் மட்டும் சந்தித்ததில்லை.

மறுநாள் காலை தங்கையிடம் கேட்டேன். "நான் ரொம்ப அதிகமா அடிச்சுக்கறேனா?" அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "ரெண்டு மாசமா நான் எதுக்கு காலைல ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்னு நினைச்ச?" என்றாள். காற்றுக்கு என்று நினைத்திருந்தேன். "சொல்லியிருக்கலாம்ல?" "சொன்னா நீ வருத்தப்படுவ. ஒன்றரை வருஷம் தேடினதாச்சே." அப்புறம் குழாயை மூடிவிட்டு, "வாசனை நல்லாத்தான் இருக்கு அக்கா. நீ ஊர்ல இல்லாதப்ப ரெண்டு தடவ உன் அலமாரியத் தெறந்தேன்" என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இரண்டே தடவை. எண்ணித்தான் அடிக்கிறேன், முகர்ந்து பார்த்து இல்லை. உப்பை ருசி பார்க்காமல் கரண்டியால் அளந்து போடுகிற மாதிரி. சரியாக இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. ஜன்னல் இப்போது மூடியிருக்கிறது, அதுதான் எனக்குக் கிடைக்கும் ஒரே தகவல். அந்த அக்குள் ஆய்வை மறுபடி படித்தபோதுதான் நான் முதலில் தவறவிட்டது கண்ணில் பட்டது: தேர்ந்தது அவரவர்தான், ஆனால் முகர்ந்து மதிப்பெண் போட்டது வேறு ஆட்கள். கையெழுத்துப் போடுகிறவர் தன் கையெழுத்தை ஒருபோதும் சரிபார்ப்பதில்லை, சரிபார்ப்பது கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர். அப்படியென்றால் ஒன்றரை வருடம் நான் தேடியது எனக்குப் பிடித்த ஒன்றையா, இல்லை நான் ஒருபோதும் அனுபவிக்கப்போகாத ஒன்றையா? முதல் மாதத்துச் சொர்க்கம் உண்மைதான், பொய் சொல்லவில்லை. இன்றைக்கும் காலையில் அடித்ததும் முதல் சில நொடி எனக்குத்தான். அதற்குப் பிறகு வருவதெல்லாம் மற்றவர்களுக்கு.

போன வாரம் மறுபடி மழை. லிஃப்டில் அவரும் நானும் மட்டும். மூடிய பெட்டி, இரண்டு பேர், ஐந்து மாடி. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அன்னிக்கு லிஃப்ட்ல ஏறினதுமே தெரிஞ்சுதுன்னு சொன்னீங்களே" என்று ஆரம்பித்தேன்.

அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, என் காலடியைப் பார்த்துச் சிரித்தார். "இதோ, இப்பகூடப் பாருங்களேன்." குனிந்து பார்த்தேன். என் குடையிலிருந்து தண்ணீர் சொட்டி லிஃப்ட் மூலையில் குட்டையாகத் தேங்கியிருந்தது. "இந்தக் கட்டடத்துல இவ்வளவு நீளக் குடை வேற யார்கிட்ட இருக்கு மேடம்? மழை பெஞ்சா லிஃப்ட்ல குளம். உடனே தெரிஞ்சுடும்."

"அப்ப வாசனை இல்லையா?"

"எந்த வாசனை? எனக்கு சைனஸ் மேடம். ஒண்ணும் தெரியாது" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார். கதவு திறந்தது. குடையை ஒரு உதறு உதறிவிட்டு இறங்கினேன்.